ஸ்காட்லாந்தின் கடலோரப் பாரிஷ் ஒன்றை ஆராயும் முன்

ஸ்காட்லாந்தில் கடலோரப் பாரிஷ் (ஒரு தேவாலயத்தைச் சார்ந்த ஊர்ப்பகுதி) ஒன்றின் பழமையை அறிய விரும்புவோர், கரையில் கால் வைப்பதற்கு முன்பே, ஊர்தோறும் போதகர்கள் எழுதியனுப்பிய விவரங்களைக் கொண்டு சர் ஜான் சின்க்ளேர் 1791 முதல் 1799 வரை வெளியிட்ட புள்ளிவிவரத் தொகுதிகளில் அந்தப் பாரிஷுக்குரிய பகுதியைப் படித்துவிட வேண்டும். போதகரின் சொந்த விருப்புவெறுப்பும் அதில் கலந்திருக்கும் என்பதை மறக்கலாகாது. அடுத்து, ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் 19ஆம் நூற்றாண்டு ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனம்) வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மேலிருந்து பார்ப்பதன் பயனுக்கு ஈஸ்டர் ராஸ் பகுதியின் டார்பட் பாரிஷே சான்று. அங்குள்ள போர்ட்மஹோமக் கிராமத்தின் பழைய தேவாலயத்தைச் சூழ்ந்திருந்த அகழியின் தடம் வான்வழிப் படத்தில்தான் தென்பட்டது. பின்னர் 1994 முதல் 2007 வரை மார்ட்டின் கார்வர் தலைமையில் நடந்த அகழாய்வில், பண்டைய ஸ்காட்லாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த பிக்ட் மக்களின் கிறித்தவ மடமும், கன்றுத்தோலை எழுதுதோலாகப் பதப்படுத்திய பட்டறையும் வெளிப்பட்டன. அந்தத் தேவாலயமே இன்று அருங்காட்சியகமாக இருப்பதால், நடையை அங்கிருந்து தொடங்குவது உத்தமம்.

கரையில் தொல்பொருள் ஏதேனும் கிடைத்தால், அந்த இடத்தைப் படமெடுத்துக் குறித்துக்கொண்டு, எடின்பரோவில் உள்ள புதையல் பிரிவுக்குத் தெரிவியுங்கள். ஸ்காட்லாந்துச் சட்டப்படி, உரிமையாளர் அறியப்படாத அத்தகைய பொருள் கண்டெடுத்தவருக்கன்றி அரசுக்கே உரியது.