புற்றுநோயாளியின் மன அழுத்தத்தைக் குறைக்க வீடும் தெருவும் செய்ய வேண்டியவை

பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, கீழக்கரை என்று இராமநாதபுரம் கடலோரத்தில் எந்த ஊரானாலும், ஒரு வீட்டில் புற்றுநோய் உறுதியான முதல் வாரம் திண்ணை நிறைய ஆட்கள் இருப்பார்கள். நான்காவது முறை கீமோ மருந்து ஏற்றிக்கொள்ள மதுரை வரை கூடப்போகத்தான் ஆள் கிடைக்காது. ஆதரவு தேவைப்படுவது அந்த நான்காவது கீமோவின்போதுதான் என்பதால், அதற்கு முன்பே திட்டமிட வேண்டும்.

முதலில், நோயாளியின் மீது பழி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "புருஷனை இலங்கைக்காரன் பிடிச்சுட்டுப் போனதுல இருந்து அழுது அழுதே இவளுக்கு இது வந்துருச்சு" என்று நலம் விசாரிக்க வருகிறவர்கள் காதுபடவே சொல்வதுண்டு. ஐரோப்பாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2013இல் வெளியான ஆய்வு, வேலை தரும் மன அழுத்தத்துக்கும் புற்றுநோய் வருவதற்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டவில்லை. எனவே வீட்டில் ஒருவர், "மதினி, கவலைப்பட்டதால வந்த நோய் இல்ல இது, அவ காதுல விழுற மாதிரி அப்படிச் சொல்லாதீங்க" என்று தயங்காமல் சொல்லிவிட வேண்டும். தட்டையும் தம்ளரையும் தனியாக வைப்பதும் தேவையில்லை, இது தொற்றுநோய் அன்று.

அதற்காக, நோய் வந்தபின் ஓயாத அச்சம் உடலை ஒன்றும் செய்யாது என்று கொள்ளவும் முடியாது. அச்சம் நீடிக்கும்போது நரம்பு முனைகளும் அட்ரினல் சுரப்பிகளும் நார்அட்ரினலின், அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய மன அழுத்த ஹார்மோன்களை விடாமல் வெளியிடுகின்றன; சில புற்றுக்கட்டிகளின் செல்களில் இவற்றுள் முதல் இரண்டையும் ஏற்கும் பீட்டா ஏற்பிகள் உள்ளன. சினைப்பைப் புற்றுநோயை எலிகளில் ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வில், நீடித்த அழுத்தத்துக்கு உள்ளான எலிகளின் கட்டிகளில் இரத்தக் குழாய்கள் கூடுதலாக முளைத்துக் கட்டி வேகமாக வளர்ந்தது. பீட்டா ஏற்பியை அடைக்கும் புரோப்ரனலால் மருந்தைக் கொடுத்தபோது அந்த விளைவு தடுக்கப்பட்டது. அதே நோயுள்ள பெண்களிடம் நடந்த வேறோர் ஆய்வில், உற்றார் ஆதரவு மிகுந்தவர்களுக்கு, இரத்தக் குழாய்களை வளர்க்கும் விஇஜிஎஃப் என்ற புரதம் இரத்தத்தில் குறைவாக இருந்தது. ஆதரவுதான் அதைக் குறைத்தது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட இயலாது. மருந்துக் கடையில் புரோப்ரனலால் வாங்கித் தாமாகக் கொடுக்கவே கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது உயிராபத்தாகலாம்.

ஆறுதல் பேச்சு ஆயுளைக் கூட்டுமா என்ற கேள்விக்கும் நேர்மையாகவே விடை சொல்ல வேண்டும். உடலில் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயுள்ள பெண்கள் வாரந்தோறும் கூடிப் பேசியதால் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று 1989இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. 2001இல் கனடாவில் கூடுதல் பெண்களிடம் அதைச் செய்து பார்த்தபோது ஆயுள் கூடவில்லை, ஆனால் மனத்துயரும் வலியும் தணிந்தன. வலி தணிவதே எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. ஆதரவு உயிரைக் காக்கும் உறுதியான வழி, சிகிச்சை இடையில் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வதுதான்.

ஆகவே பொதுவான தேறுதலை விட்டுவிட்டு, வேலைகளைப் பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். "தைரியமா இரு" என்பதைவிட, "நாளைக்கு நாலு குடம் தண்ணி நான் தள்ளுவண்டியில கொண்டாந்து வச்சிடுறேன்" என்பது நோயாளியின் தலையிலிருந்து ஒரு பாரத்தை உண்மையாகவே இறக்கும். கடல்பாசி எடுக்கச் சேர்ந்து போகும் பெண்களோ மகளிர் சுய உதவிக் குழுவோ இதற்குப் பொருத்தமானவர்கள்: ஒருவர் மருத்துவமனைத் துணை, ஒருவர் பிள்ளைகளின் சாப்பாடு, ஒருவர் காகிதங்கள் என்று முறை வைத்துக்கொள்ளலாம். கணவர் விசைப்படகில் போகிறவராக இருந்தால், படகு கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து கீமோ தேதி தரும்படி மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் ஆண்கள் வீட்டில் இருந்தாலும் கையில் காசு இருக்காது, பேருந்துச் செலவுக்காகவே மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடத் தோன்றும். குழுச் சேமிப்பில் ஒரு தொகையை அதற்கென்று முன்பே ஒதுக்கிவையுங்கள். ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்குச் செல்பவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை மருத்துவமனையில் கேட்டு வாங்க வேண்டும்.

காகிதங்களை உப்புக்காற்றில் நமுத்துப்போகாத பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். பயாப்ஸி (சதைப் பரிசோதனை) முடிவு, ஸ்கேன், கடைசி இரத்தப் பரிசோதனை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை ஆகியவை அதிலேயே இருக்கட்டும்; மேலுறையில் அடுத்த தேதியையும், மருத்துவமனைத் தொலைபேசி எண்ணையும், "காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் உடனே புறப்பட வேண்டும்" என்ற குறிப்பையும் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள், ஏனெனில் கீமோவுக்குப் பின் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது வரும் காய்ச்சலுக்கு விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

நோயாளி பேச விரும்பும்போது குறுக்கிடாமல் கேளுங்கள். பேசாமல் வலை பின்னிக்கொண்டிருக்க விரும்பினால் பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும். அழுகை வந்தால் அடக்கச் சொல்ல வேண்டாம். இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமின்மையும் எதிலும் பற்றின்மையும் தொடர்ந்தால் புற்றுநோய் மருத்துவரிடமே அதைச் சொல்லி மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்ற பேச்சு எழுந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். 14416 என்ற டெலிமனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். இரவெல்லாம் விழித்துப் பார்த்துக்கொள்ளும் மகளோ மனைவியோ தமக்காகவும் அதே எண்ணை அழைக்கலாம். அவர்கள் வாரத்தில் ஒரு முழு இரவாவது உறங்கும்படி, முறைப்பட்டியலில் அவர்களுக்கும் ஓய்வு நாளை எழுதிவையுங்கள்.