வாடகை 800 என்று மட்டும் எழுதாதீர்கள்: கோலாலம்பூருக்குப் படிக்க வருகிறவர்களுக்கு

ஒவ்வொரு சேர்க்கைப் பருவத்திலும் ஊரிலிருந்து தம்பி தங்கைகள் மாதச் செலவுக் கணக்கை எனக்கு அனுப்பி, சரியா என்று பார்க்கச் சொல்கிறார்கள். எங்கள் செட் வந்தபோது போட்ட அதே கணக்கு, அதே ஓட்டைகள். அடிக்கடி கிராப் டாக்சி ஏறினால் காசு பறக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும், அதை விடுகிறேன். பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிற ஒன்றைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

டெபாசிட்

முதல் மாதக் கட்டத்தில் "வாடகை 800" என்று எழுதியிருப்பார்கள். இங்குள்ள வழக்கம் வேறு. இரண்டு மாத வாடகை பாதுகாப்பு டெபாசிட், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாத வாடகை டெபாசிட், அதற்கு மேல் முதல் மாத வாடகை. 800 ரிங்கிட் அறைக்கு 1,600, 400, 800 என்று மொத்தம் 2,800 ரிங்கிட் சாவி வாங்கும் அன்றே கையில் இருக்க வேண்டும். முத்திரை வரி தனி.

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகியவர்களுக்கு இது குறைவாகத் தெரியலாம். ஆனால் அங்கே காலி செய்யும்போது "கடைசி ரெண்டு மாசத்தை அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க" என்று சொல்லிவிட முடியும். இங்கே பெரும்பாலான ஒப்பந்தங்களில் அது கூடாது என்றே எழுதியிருக்கும். சாவியைத் திருப்பிக் கொடுத்து, அறையைப் பார்த்து, கடைசி மின்கட்டணத்தையும் கழித்த பிறகுதான் மிச்சம் வரும். அந்தப் பணத்தை நம்பி ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டைத் திட்டமிடாதீர்கள்.

இதைவிடப் பெரிய விஷயம், யாரிடம் கொடுக்கிறோம் என்பது. இங்கே அறை விளம்பரங்களில் இந்தியர்களுக்கு இல்லை என்று வெளிப்படையாகவே போடுகிறார்கள். நாலைந்து இடத்தில் அப்படிக் கேட்டுச் சோர்ந்துபோன பிள்ளையிடம் ஒருவர் "சரி, வாங்க" என்றால், வேறு எதையும் விசாரிக்காமல் பணத்தைப் போட்டுவிடுகிறது. திருச்சியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு இதுதான் நடந்தது. அம்மாவின் வளையலை அடகு வைத்து அனுப்பிய பணம். அறை இருந்தது, சாவியும் கிடைத்தது. மூன்றாவது மாதம் ஒரு சீன அம்மா கதவைத் தட்டி, "நான்தான் வீட்டுக்காரி, எனக்கு வாடகையே வரவில்லை, நீங்களெல்லாம் யார்?" என்று கேட்டார். முழு வீட்டையும் அவரிடம் வாடகைக்கு எடுத்து, ஹாலையும் பலகை வைத்துத் தடுத்து, அறை அறையாக உள்வாடகைக்கு விட்டவர் தொலைபேசியை அணைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மாவும் ஏமாந்தவர்தான், அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார். அந்தப் பெண் இரண்டாம் முறையாக டெபாசிட் தேடினாள்.

இதைத் தடுக்க முடியும் என்பதுதான் என் ஆத்திரத்துக்குக் காரணம். உள்வாடகைக்கு விடுபவர் என்றால், உரிமையாளருடன் அவர் செய்த மூல ஒப்பந்தத்தைக் கேளுங்கள். உள்வாடகைக்கு அனுமதி உண்டு என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். முகவர் என்றால் அவரிடம் பதிவு எண்ணுள்ள அட்டை இருக்கும், சொத்து முகவர்களைப் பதிவு செய்யும் வாரியத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். பணம் அவருடைய சொந்தக் கணக்குக்குப் போகக் கூடாது, நிறுவனக் கணக்குக்குத்தான் போக வேண்டும். அறையை நேரில் பார்க்காமல் ஊரில் இருந்தபடியே ஒரு ரிங்கிட் கூட அனுப்பாதீர்கள். முதல் சில நாள் விடுதியில் தங்கிப் பார்ப்பது எவ்வளவோ மலிவு.

ஒப்பந்தத்துக்கு உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் முத்திரை கட்டாயம் வேண்டும். முத்திரை இல்லாத தாளை நீதிமன்றம் சான்றாக எடுத்துக்கொள்ளாது. 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் படிவம் 198 நிரப்பிச் சிறுகோரிக்கை வழக்கு போடலாம். ஆனால் எதிராளியின் முழுப்பெயரும் முகவரியும் இல்லாமல் யார்மேல் போடுவது? அதனால் வாடகைக்கு விடுபவரின் அடையாள அட்டை நகலைக் கையெழுத்திடும் அன்றே வாங்கி வையுங்கள். மாணவர் அனுமதி (ஸ்டூடன்ட் பாஸ்) மறுக்கப்பட்டாலோ ரத்தானாலோ டெபாசிட் இழக்காமல் வெளியேறலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள், பலர் ஒப்புக்கொள்வார்கள். அப்புறம், குடியேறும் நாளில் சுவர்க்கறை முதல் மின்மீட்டர் எண் வரை படம் எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள்.

50 ரிங்கிட் பயண அட்டை

ரயிலிலும் பேருந்திலும் மாதம் முழுக்கப் போய்வர உதவும் இந்த அட்டை மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள்.

சமைத்துச் சாப்பிட்டுக்கொள்வேன்

நல்ல திட்டம்தான். ஆனால் பல அறைகளில் "லைட் குக்கிங்" மட்டும் என்பார்கள். தண்ணீர் கொதிக்கவைக்கலாம், நூடுல்ஸ் வேகவைக்கலாம். கடுகு தாளித்து, மீன் வறுத்தால் அன்றே புகார் வரும். சாம்பாரை நம்பிச் சாப்பாட்டுச் செலவைப் பாதியாகக் குறைத்துப் போட்டவர்கள் கடைசியில் மூன்று வேளையும் மாமாக் என்கிற இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில்தான் நிற்கிறார்கள். அடுப்பை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்று அறை பார்க்கும்போதே கேளுங்கள்.

பகுதிநேர வேலை வருமானம்

வரவுப் பக்கத்தில் பூஜ்யம் என்று எழுதுங்கள். பருவ விடுமுறையிலோ ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையிலோதான் வேலை செய்யலாம், அதுவும் வாரம் 20 மணி நேரம் வரை. கல்லூரி வழியாகக் குடிநுழைவுத் துறையில் அனுமதி வாங்க வேண்டும். உணவகம், பெட்ரோல் நிலையம், மினி மார்க்கெட், ஹோட்டல் ஆகிய இடங்களில் மட்டும் அனுமதி உண்டு, அங்கேயும் காசாளராக நிற்கக் கூடாது. "சும்மா வந்து நில்லு தம்பி" என்று கடைக்காரர் அன்பாகத்தான் கூப்பிடுவார். பிடிபட்டால் போவது உங்கள் மாணவர் அனுமதி.

ரூபாயில் கணக்குப் போடுவது

2023 நடுவில் ஒரு ரிங்கிட் 18 ரூபாய்க்குப் பக்கம் இருந்தது. 2025 முடிவில் 21 ரூபாயைத் தாண்டிவிட்டது. அப்பா மாதாமாதம் அதே ரூபாயை அனுப்பியும் பிள்ளைக்கு ஏன் போதவில்லை என்று பல வீடுகளில் சண்டை வந்தது இதனால்தான். மாதத் தொகையை ரிங்கிட்டில் முடிவு செய்து வீட்டுக்குச் சொல்லுங்கள்.

ஏர்கான்

அதன் மின்கட்டணம் வாடகையில் சேர்ந்ததா, தனி மீட்டரா? முன்பே கேளுங்கள்.

மாணவர் அனுமதிப் புதுப்பிப்பு

அனுமதி பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். புதுப்பிப்புக் கட்டணமும் மருத்துவக் காப்பீடும் ஆண்டுதோறும் வரும், வருகைப்பதிவு 80 சதவீதத்துக்குக் குறைந்தால் புதுப்பிப்பதே சிக்கல். கல்லூரி அலுவலகத்தில் இந்த ஆண்டுத் தொகையைக் கேட்டு, பன்னிரண்டால் வகுத்து, மாதக் கணக்கில் ஒரு வரியாக இப்போதே சேருங்கள்.