டர்ன்கீ இன்டீரியர் வேலை: அட்வான்ஸ் கொடுக்கும் முன் எழுதி வாங்க வேண்டியவை

டர்ன்கீ என்றால் வரைபடத்தில் தொடங்கி கடைசித் திரைச்சீலை மாட்டுவது வரை ஒரே ஒப்பந்ததாரர் பொறுப்பு, முடிந்ததும் நாம் சாவியை வாங்கிக் குடிபோகலாம். தச்சர், எலக்ட்ரீஷியன், பெயிண்டர் என்று ஆளாளுக்குப் பின்னால் அலைய வேண்டாம், ஒருவர் செய்த கோளாறுக்கு இன்னொருவரைக் கைகாட்டித் தப்பிக்கவும் முடியாது. நல்ல முறைதான், வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் "எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்கிறார்களே, அந்த எல்லாம் எதுவரை என்பது அட்வான்ஸ் கொடுக்கும் முன் காகிதத்தில் இருக்க வேண்டும். பிறகு கேட்டால் அது எக்ஸ்ட்ராதான்.

முதலில் வரைபடம். தரைத்தள அமைப்பும் கம்ப்யூட்டரில் வரைந்த அழகான படமும் மட்டும் போதாது. ஒவ்வொரு சுவரின் நேர்முகத் தோற்றம், சீலிங், மின் பாயின்ட்கள், குழாய் இணைப்புகள் எல்லாம் அளவோடு வேண்டும். மின் வரைபடத்தைப் பர்னிச்சர் வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள், கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால் ஒளிந்துபோகும் ஸ்விட்ச் போர்டு அங்கேயே தெரிந்துவிடும்.

அளவு விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டு வார்ட்ரோபுக்கு ஆழம் 60 செ.மீ. என்று எழுதியிருந்தது, சரி என்று கையெழுத்துப் போட்டேன். அது வெளி அளவு. ஸ்லைடிங் கதவும் அதன் டிராக்கும் போக உள்ளே 50 செ.மீ.தான் மிஞ்சியது. ஹேங்கரில் மாட்டிய சட்டைகளின் தோள்பட்டை இன்றைக்கும் கதவில் உரசுகிறது. உடை மாட்டும் இடத்துக்கு உள் ஆழம் 55 செ.மீ.யாவது வேண்டும், அதனால் வரைபடத்தில் உள் அளவையும் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து கொட்டேஷன், அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். "வார்ட்ரோப் - 1" என்று ஒரே வரியில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெட்டிக்கு, அதாவது கதவு மாட்டும் முன் நிற்கும் அலமாரிக் கூட்டுக்கு, எந்த ப்ளைவுட், எத்தனை மி.மீ., பின்பலகை எத்தனை மி.மீ., வெளியே ஒட்டும் லேமினேட் எந்த பிராண்ட், உள்பக்கம் என்ன, பலகை விளிம்பில் ஒட்டும் எட்ஜ் பேண்ட் எவ்வளவு தடிமன், கீலும் டிராயர் ஓடும் சேனலும் எந்த மாடல், கைப்பிடி சேர்த்தியா இல்லையா, எல்லாம் வரிவரியாக வர வேண்டும். சிங்க் அடியில் வரும் பெட்டிக்கு நீர் தாங்கும் தரம் என்று தனியாக எழுதி வாங்குங்கள். "அல்லது அதற்கு இணையானது" என்ற வார்த்தை எங்காவது இருந்தால், இணையானது எது என்ற முடிவு உங்கள் எழுத்துபூர்வ ஒப்புதலோடுதான் என்று பக்கத்திலேயே சேருங்கள்.

விலையை எந்தப் பரப்புக்குக் கணக்கிடுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். 2.4 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரமுள்ள அலமாரியின் முகப்பு மட்டும் சுமார் 5 சதுர மீட்டர். அதே அலமாரியின் பக்கப் பலகை, மேல், கீழ், பின்பலகை, கதவு என்று பிரித்துக் கூட்டினால், 60 செ.மீ. ஆழத்துக்கு, 15 சதுர மீட்டரைத் தாண்டும், தட்டுகள் இன்னும் சேரவில்லை. ஒருவர் முகப்புக் கணக்கிலும் இன்னொருவர் பிரித்த கணக்கிலும் சொன்ன ரேட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் மலிவு என்று பார்ப்பதில் அர்த்தமே இல்லை, மொத்தத் தொகையைப் பாருங்கள். அப்புறம், எது எது சேர்த்தி இல்லை என்று ஒரு பட்டியலும் கேட்டு வாங்குங்கள். இடிபாடுகளை அகற்றுவது, லாஃப்ட், விளக்குகள், கடைசிச் சுத்தம் செய்வது, இவையெல்லாம் அங்கேதான் மறைந்திருக்கும்.

பணத்தைத் தேதிக்குக் கொடுக்காதீர்கள், முடிந்த வேலைக்குக் கொடுங்கள். பொருள் இறங்கியதும் இவ்வளவு, பெட்டிகள் நின்றதும் இவ்வளவு என்று பிரித்து, கடைசி 5 முதல் 10 சதவீதத்தைக் குறைகள் தீரும்வரை கையில் வைத்திருங்கள். நடுவில் நீங்கள் ஏதாவது மாற்றினால், அதற்கான தொகையும் கூடுதல் நாட்களும் எழுதி இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே தச்சர் கை வைக்க வேண்டும். தளத்தில் நின்றுகொண்டு வாய்மொழியாகச் சொல்வதுதான் பின்னால் சண்டையாக வருகிறது.

வேலை வரிசையில் மூன்று இடங்களில் நேரில் நில்லுங்கள். சுவரைப் பூசி மூடும் முன் ஒயர், பைப் போகும் பாதையை அளவு டேப் வைத்துப் படம் எடுங்கள், நாளை ஒரு ஆணி அடிக்கக்கூட அது உதவும். குளியலறையில் டைல்ஸ் ஒட்டும் முன் 24 மணி நேரமாவது தண்ணீர் தேக்கிக் கசிவு பாருங்கள். பூச்சும் டைல்ஸும் முடிந்ததும் அளவை மறுபடி எடுத்த பிறகே பலகை வெட்டட்டும், அந்த இரண்டு செ.மீ. வித்தியாசம் மாட்டும்போதுதான் தெரியும்.

ஒப்படைக்கும் நாளில் பகல் வெளிச்சத்தில் போங்கள். டார்ச்சைச் சுவரை ஒட்டினாற்போலப் பிடித்தால் பெயிண்டுக்கு அடியில் பூசிய பட்டியின் (புட்டி) மேடுபள்ளம் அப்படியே தெரியும். ஒவ்வொரு டிராயரையும் முழுக்க இழுங்கள், ஒவ்வொரு பிளக்கிலும் போன் சார்ஜரைச் செருகுங்கள், சிங்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு அடியில் குனிந்து பாருங்கள். கண்ட குறைகளை அறைவாரியாக எழுதி, எந்தத் தேதிக்குள் முடியும் என்று கையெழுத்து வாங்குங்கள். குறை தீர்க்கும் காலம் 12 மாதமாவது இருக்கட்டும், ஈரக் காலத்தில் மரம் உப்புவதும் வறண்ட காலத்தில் சுருங்குவதும் ஒரு வருடம் போனால்தான் முழுதாகத் தெரியும். வாரண்டி கார்டுகள், பெயிண்ட் நிற எண், லேமினேட் எண், மாற்றுச் சாவிகள் இவற்றோடு மீந்த டைல்ஸில் ஒரு பெட்டியையும் கேட்டு வாங்கிப் பரணில் போடுங்கள், அதே பேட்ச் பிறகு கிடைப்பது அரிது.