பிரைமரி பிரிவுக்கு மார்க் போட வரும் புதிய ஜட்ஜ்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த சீசனில் ஏரோபேட்டிக்ஸ், அதாவது விமான சாகசப் போட்டிகளின் ஜட்ஜ் வரிசையில் புதுமுகங்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சந்தோஷம்தான், வெயிலில் நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க ஆள் கிடைப்பது சுலபமில்லை. ஆனால் அவர்கள் மார்க் தாளைப் பார்த்தால் நாங்கள் எல்லாரும் ஆரம்பத்தில் செய்த அதே தப்புகள், அதே வரிசையில். அதனால்தான் இதை எழுதுகிறேன். தொப்பி, தண்ணீர், கூலிங்கிளாஸ் பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். அமெரிக்காவில் ஐ.ஏ.சி. (இன்டர்நேஷனல் ஏரோபேட்டிக் கிளப்) நடத்தும் ஏரோபேட்டிக்ஸ் போட்டிகளில் ஐந்து பிரிவுகள் உண்டு, அடிமட்டத்தில் இருப்பது பிரைமரி, அதற்கு மேல் ஸ்போர்ட்ஸ்மன். வானத்தில் சுமார் 1000 மீட்டர் பக்கம் கொண்ட ஒரு கற்பனைப் பெட்டி. அதற்குள் விமானி லூப் (செங்குத்தாக ஒரு வட்டம்), ரோல் (நீளவாக்கில் உருள்வது), ஸ்பின் (சுழன்றபடி கீழே விழுவது) என்று வரிசையாகச் செய்து காட்ட வேண்டும், பிரைமரிக்காரர் 1500 அடிக்குக் கீழே வரக்கூடாது. எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பது ஹோசே லூயிஸ் அரெஸ்டி என்ற ஸ்பானிய விமானி உருவாக்கிய குறியீடுகளில் தாளில் வரைந்திருக்கும். இப்படி ஒவ்வொரு சாகசமும் ஒரு ஃபிகர்; ஒவ்வொரு ஃபிகருக்கும் 10 மார்க்கில் தொடங்கி, குறை தெரியத் தெரியக் கழித்துக்கொண்டே வரவேண்டும்: கோணத்தில் 5 டிகிரி பிசகினால் அரை மார்க், 10 டிகிரி என்றால் ஒன்று. மிஞ்சுவதை அந்த ஃபிகரின் கடினத்தன்மைக்கான கே எண்ணால் பெருக்குவார்கள். அவ்வளவுதான் விஷயம். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

கண்ணைக் கீழே இறக்குவது

உங்கள் ஒருபக்கம் அடுத்த ஃபிகரைப் படித்துச் சொல்ல ஒருவர், மறுபக்கம் நீங்கள் சொல்லும் மார்க்கை எழுத ஒருவர். இருவரையும் சும்மா உட்கார வைக்கவில்லை. விமானம் பெட்டிக்குள் இருக்கும்வரை தாள் உங்களுக்கு இல்லை.

காற்றுக்கு விமானியிடம் மார்க் பிடிப்பது

லூப் என்றால், காற்று எவ்வளவு அடித்தாலும் கீழேயிருந்து பார்க்க வட்டமாகத் தெரிய வேண்டும். அதைச் சரிக்கட்டுவது விமானியின் வேலை, வட்டம் நசுங்கினால் தாராளமாகக் கழிக்கலாம். ஆனால் செங்குத்துக் கோட்டில் கணக்கே வேறு. அங்கே விமானம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நேராக நின்றபடியே காற்றில் பக்கவாட்டில் நகர்ந்தால் அது குறையே இல்லை. ஸ்போர்ட்ஸ்மனில் ஹேமர்ஹெட் வரும் (செங்குத்தாக ஏறி, உச்சியில் பக்கவாட்டில் திரும்பி, செங்குத்தாகவே இறங்குவது), மேலே ஏறி வேகம் செத்துப்போகும் நேரத்தில் விமானம் காற்றோடு சற்றே தள்ளிப்போகும், உடனே புது ஜட்ஜ் 'ஒன்று குறை' என்பார். எதற்கு? மூக்கு நிமிர்ந்தே இருந்ததே. இதில் இன்னொரு வேடிக்கை, காற்றுக்காக விமானத்தைச் சாய்த்துப் பிடித்து, தரையிலிருந்து பார்க்க அழகாக ஒரே இடத்தில் ஏறியவருக்கு அதே ஜட்ஜ் முழு மார்க் கொடுத்திருப்பார். சாய்ந்ததற்குத்தான் கழித்திருக்க வேண்டும்.

பாவம் பார்த்துப் போடும் ஏழரை

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது.

ஒரு போட்டியில் பயிற்சியில் இருந்த ஜட்ஜ் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மேலே ஒரு டெக்கத்லான் விமானம். ஹாஃப் கியூபன்: முக்கால் லூப்புக்குச் சற்றுக் குறைவாகப் போய், தலைகீழாக 45 டிகிரி சரிவில் இறங்கி, அந்தச் சரிவின் நடுவில் அரை ரோல் அடித்து நிமிர்ந்து, பிறகு மட்டத்துக்கு வர வேண்டும். விமானி ஃபிகரை முடித்து வெளியே வந்தார், பக்கத்து ஜட்ஜ் கொஞ்சமும் யோசிக்காமல் "ஏழரை" என்றார். எப்படி வந்தது ஏழரை என்று கேட்டேன். "நல்லாத்தான் பண்ணினார் சார், முதல் போட்டி வேற."

நான் பார்த்தது இது. சரிவு 45 இல்லை, 35 போலத் தெரிந்தது, ஒரு மார்க். ரோலுக்கு முன்னால் இருந்த கோடு (நேராகப் பறக்கும் பகுதி) பின்னால் இருந்ததைப் போல இரண்டு மடங்கு, அதற்கு இரண்டு மார்க். ரோல் முடிந்தபோது ஒரு இறக்கை 5 டிகிரி தாழ்ந்திருந்தது, அரை. வெளியே வந்த திசை 10 டிகிரி விலகல், இன்னொன்று. மொத்தம் நாலரை போனால் மீதி ஐந்தரை. என் கண் ஒரு இடத்தில் பிசகியிருக்கலாம், ஆறு என்று அவர் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருக்க மாட்டேன். ஆனால் அவர் எதையுமே எண்ணவில்லை. ஃபிகர் முடிந்ததும் மனதில் ஒரு திருப்தி வந்தது, அந்தத் திருப்திக்கு ஒரு நம்பர் கொடுத்தார்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பார்கள். அடுத்து வந்தவர் அதே ரோலைச் சரியாக நடுவில் வைத்தார், சரிவும் சரியாக இருந்தது. அவருக்கு எட்டு. அதாவது இரண்டரை மார்க் இருக்க வேண்டிய இடைவெளி அரை மார்க்காகச் சுருங்கிவிட்டது. சாதாரண லூப்புக்கே கே எண் 10, அதில் இரண்டு மார்க் இரக்கம் காட்டினால் உங்கள் தாளில் 20 புள்ளி தூக்கிக் கொடுத்தாயிற்று. பிரைமரியில் முதல் இரண்டு இடங்களுக்கு நடுவே அந்த அளவு வித்தியாசம்கூட இல்லாமல் போவதுண்டு. நீங்கள் யாருக்கு நல்லது செய்தீர்கள்? நன்றாகப் பறந்தவரின் சட்டைப்பையிலிருந்து எடுத்துத்தானே தானம் செய்தீர்கள்.

ஏழும் ஏழரையும் எட்டுமாகவே நிரம்பிய தாள் இன்னொரு காரியமும் செய்கிறது: அது யாரையும் வரிசைப்படுத்துவதில்லை. மற்ற ஜட்ஜ்கள் வரிசையைத் தீர்மானிக்கிறார்கள், நீங்கள் நாற்காலியை நிரப்பிவிட்டு வருகிறீர்கள். கறாராகப் போடுகிற ஜட்ஜ் எல்லாருக்கும் ஒரே மாதிரி கறாராக இருந்தால் அதனால் பாதகமில்லை, வரிசை சரியாகத்தான் வரும்.

அப்புறம் அந்த ஏழரை வாங்கிய விமானி. சாயங்காலம் தாளைப் பார்த்து ஹாஃப் கியூபன் நமக்குக் கைவந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். இறங்கு சரிவில் ரோலைத் தாமதமாக அடிப்பது வெறும் அழகுக் குறைவு இல்லை; அந்த நேரம் முழுக்க விமானம் உயரத்தை இழந்துகொண்டும் வேகத்தை ஏற்றிக்கொண்டும் இருக்கிறது, கடைசியில் எதிர்பார்த்ததைவிடத் தாழ்வாக, எதிர்பார்த்ததைவிட வேகமாக இழுத்து நிமிர்த்த வேண்டியிருக்கும். பக்கத்தில் 'ரோல் தாமதம், மைனஸ் 2' என்று எழுதியிருந்தால் அடுத்த வாரமே அதைப் பயிற்சி செய்திருப்பார். இரக்கம் காட்ட ஆசை இருந்தால் போட்டி முடிந்ததும் ஹேங்கரில் போய்ப் பேசுங்கள், காபி வாங்கிக் கொடுங்கள். தாளில் வேண்டாம்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். ஃபிகர் நடக்க நடக்கவே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போங்கள்: "சரிவு, ஒன்று. கோடு, இரண்டு. இறக்கை, அரை." எழுதுபவர் குறித்துக்கொள்வார், விமானம் மட்டத்துக்கு வரும்போது கணக்கும் முடிந்திருக்கும். ஒன்றும் சொல்லும்படி இல்லையா? அப்படியானால் 10. புதியவர்கள் இந்த 10-ஐக் கண்டும் பயப்படுகிறார்கள், 'பிரைமரிக்குப் போய் பத்தா' என்று காரணமே இல்லாமல் 9 போடுகிறார்கள். குறை பார்க்கவில்லை என்றால் கழிக்க உங்களுக்கு உரிமை இல்லை.

விமானத்துக்கு மார்க் போடுவது

பிட்ஸ் விமானம் சத்தம் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று ரோல் அடிக்கும், டெக்கத்லான் நிதானமாக உருளும். ரோலின் வேகத்துக்கு மார்க் கிடையாது.

ஸ்பின்னில் பூஜ்யம் போடத் தயங்குவது

பிரைமரியின் ஒரு சுற்று ஸ்பின்னில் முதலில் பார்க்க வேண்டியது சுற்றை அல்ல, நுழைவை. விமானம் மட்டமாகப் போய், வேகம் குறைந்து, ஸ்டால் ஆக வேண்டும், அதாவது இறக்கை தூக்கிப் பிடிக்கும் சக்தியை இழக்க வேண்டும்; அந்தக் கணத்தில் மூக்கும் இறக்கையும் சேர்ந்து விழ வேண்டும். பயத்திலோ அவசரத்திலோ ஸ்டால் ஆவதற்கு முன்பே மூக்கை இறக்கி, ரட்டரை (வால் சுக்கானை) மிதித்து ஒரு சுற்று சுற்றிக் காட்டினால் அது ஸ்பின்னே இல்லை. பூஜ்யம். ஆறு இல்லை, நாலு இல்லை. சுற்று சரியான திசையில் நின்றது, கீழே செங்குத்துக் கோடும் வந்தது, பாவம் என்று தோன்றும். தோன்றட்டும்.

இதே ஸ்பின்னில் எதிர்த்தப்பும் நடக்கிறது. ஸ்டாலை நெருங்கும்போது பக்கக்காற்றில் விமானம் கொஞ்சம் நகரும், அதற்குக் கழிக்கக்கூடாது. நுழைவில் சின்னத் தடுமாற்றம் இருந்தாலும் ஸ்டால் உண்மையாகவே நடந்திருந்தால், பூஜ்யம் என்று கத்தாமல் தடுமாற்றத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும். உங்களுக்கு ஸ்டால் தெரியவில்லை, பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது என்றால், அது கண்ணைப் பொறுத்த விஷயம். மற்றவர்கள் 7 போட்டார்கள் என்பதற்காக உங்கள் பூஜ்யத்தை மாற்ற வேண்டியதில்லை. இடப்பக்கம் திரும்ப வேண்டியவர் வலப்பக்கம் திரும்பினாரா என்பது போன்ற தவறுகளில்தான் தலைமை ஜட்ஜ் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசி முடிவெடுப்பார்.

பார்க்காததற்கு மார்க்

தும்மல் வந்தது, சூரியன் கண்ணில் அடித்தது, ஃபிகர் போய்விட்டது. "ஏ" என்று எழுதச் சொல்லுங்கள், சராசரி என்று எடுத்துக்கொள்வார்கள். ஊகித்து 7 போடாதீர்கள்.

பக்கத்து நாற்காலி

எட்டிப் பார்க்காதீர்கள்.

டர்னை ஓய்வுநேரமாக நினைப்பது

லூப்பும் ஸ்பின்னும் முடிந்ததும் பலர் மட்டமாகத் திரும்பும் டர்னின்போது கழுத்தைத் தேய்த்துக்கொள்கிறார்கள். போட்டி டர்ன் மூன்று தனித்தனிப் பகுதிகள் கொண்டது: நுழைந்த திசையிலேயே நின்று குறைந்தது 60 டிகிரி சாய வேண்டும், சாய்ந்து முடித்த பிறகுதான் திரும்பத் தொடங்க வேண்டும், திரும்பி முடித்த பிறகுதான் நிமிர வேண்டும். பிரைமரியில் பெரும்பாலானவர்கள் சாய்ந்துகொண்டே திரும்பத் தொடங்கிவிடுவார்கள், ஏனென்றால் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டதே அப்படித்தான். உயரமும் மாறாமல் இருக்க வேண்டும். லூப்பில் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்த ஜட்ஜ் இங்கே 8 என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார். நிதானமாகப் பார்த்தால் இங்கே மூன்று, நாலு மார்க் போயிருக்கும்.

கையெழுத்து

தாளில் போடும் முன் காலிக் கட்டம் ஏதும் இருக்கிறதா, 10 என்று நீங்கள் சொன்னது 1.0 ஆகிவிட்டதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். தாள்களைச் சேகரிக்க வருபவர் தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டால் அப்புறம் மார்க் கணக்கிடும் அறைவரை நீங்கள்தான் நடக்க வேண்டும்.