அலுவலக மெயில் அக்கவுண்ட் முடங்கிய பிறகு அவுட்லுக்கில் செய்யக் கூடாதவை

அலுவலக மெயில் அக்கவுண்ட்டை ஐடி பிரிவு முடக்கியதும் அவுட்லுக் பாஸ்வேர்டு கேட்க ஆரம்பிக்கும். எத்தனை முறை போட்டாலும் ஏற்காது. மெயில் எல்லாம் போயிற்று என்று பலர் அங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். ஆனால் விண்டோஸ் கம்ப்யூட்டரில் பழைய வகை (கிளாசிக்) அவுட்லுக் பயன்படுத்தியிருந்தால், மெயில்களின் ஒரு நகல் அதே ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். பெரும்பாலும் அந்த நகல் தொலைவது, அக்கவுண்ட் முடங்கிய பின் பதற்றத்தில் நாமே அழுத்தும் பட்டன்களால்தான்.

முதலில் உரிமை யாருடையது என்று பாருங்கள். அலுவலக மெயில் நிறுவனத்தின் சொத்து. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டரிலிருந்து தகவலை நகலெடுப்பது இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவின் கீழ் வரும். சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, ரிலீவிங் லெட்டர் போன்றவை வேண்டுமென்றால் ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்பதே நேர்வழி. கீழே வருவது, அனுமதி பெற்றவர்களுக்கும், விலகிப்போன ஊழியரின் மெயிலைக் காப்பாற்ற வேண்டிய சிறு நிறுவனத்தாருக்கும்.

அக்கவுண்ட்டை நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பது

இதுதான் மிகப் பெரிய தவறு. பாஸ்வேர்டு ஏற்கவில்லை என்றதும், "ரிமூவ் செய்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். ரிமூவ் அழுத்தும்போது, இந்த அக்கவுண்ட்டின் ஆஃப்லைன் தகவல்கள் அழிக்கப்படும் என்று அவுட்லுக் எச்சரிக்கும். அதைப் படிக்காமல் 'யெஸ்' கொடுத்தால் கதை முடிந்தது.

காரணம் இது. எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டின் அலுவலக மெயில் சர்வர்), மைக்ரோசாஃப்ட் 365 அக்கவுண்ட்களின் மெயில் ஓஎஸ்டி என்ற வகை ஃபைலில் சேர்கிறது. அந்த ஃபைலை, அதை உருவாக்கிய அவுட்லுக் புரொஃபைல் (அக்கவுண்ட் அமைப்புகளின் தொகுப்பு) மட்டும்தான் திறக்க முடியும். புரொஃபைலை அழித்தால் ஃபைல் டிஸ்க்கில் தப்பித்துக் கிடந்தாலும் பூட்டிய பெட்டிதான், சாவி போய்விட்டது. அதே பெயரில் புதிய புரொஃபைல் உருவாக்கலாம் என்றால், அதற்குச் சர்வர் உங்களை உள்ளே விட வேண்டும். அதுதான் முடக்கப்பட்டிருக்கிறதே!

அவுட்லுக்கில் நேராகத் திறக்கக்கூடிய இன்னொரு வகை மெயில் ஃபைல் பிஎஸ்டி. ஓஎஸ்டி ஃபைலின் பெயரை பிஎஸ்டி என்று மாற்றிப் பார்ப்பதும் வீண். இரண்டும் உள்ளமைப்பில் நெருங்கியவைதான், ஆனாலும் பெயரை மாற்றினால் அவுட்லுக் ஏமாறாது.

நெட்டில் இருக்கும்போதே அவுட்லுக்கைத் திறப்பது

வைஃபையை அணைத்து, லேன் கேபிளைப் பிடுங்கிய பிறகே அவுட்லுக்கைத் தொடுங்கள். ஐமேப் அக்கவுண்ட்களில் இது உயிர்நாடி. ஐமேப் என்பது சர்வரில் இருப்பதை அப்படியே பிரதிபலிக்கும் முறை. சர்வரில் யாராவது அந்த மெயில் பாக்ஸைக் காலி செய்திருந்து, அக்கவுண்ட் இன்னும் இணைப்பை ஏற்றுக்கொண்டிருந்தால், அடுத்த சிங்க்கிலேயே (சர்வரோடு ஒத்திசையும்போதே) உங்கள் கம்ப்யூட்டரிலும் காலியாகிவிடும். எக்ஸ்சேஞ்சில் ஆபத்து கொஞ்சம் குறைவு, ஆனால் சோதித்துப் பார்க்க வேண்டிய விஷயம் அல்ல.

நெட் இல்லாத நிலையில் அவுட்லுக்கைத் திறந்தால் பொதுவாகப் பாஸ்வேர்டு கேட்காமலே பழைய மெயில்களைக் காட்டும். உடனே 'சென்ட் / ரிசீவ்' டேபில் 'ஒர்க் ஆஃப்லைன்' என்பதை அழுத்தி வையுங்கள். பிறகு யாராவது தெரியாமல் வைஃபையைப் போட்டாலும் சிங்க் ஆகாது.

இதைத் தள்ளிப்போடவும் கூடாது. அவுட்லுக்கின் லைசென்ஸே அதே அலுவலக அக்கவுண்ட்டோடு கட்டப்பட்டிருந்தால், சில வாரங்களில் மென்பொருளின் பல வசதிகள் பூட்டிக்கொள்ளும்.

நகல் எடுக்காமல் நேரே வேலையில் இறங்குவது

அவுட்லுக்கை மூடி, டாஸ்க் மேனேஜரில் அது ஓடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். யூசர்ஸ் ஃபோல்டரில் உங்கள் பெயருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், மைக்ரோசாஃப்ட், அவுட்லுக் என்று வரிசையாகப் போனால் ஓஎஸ்டி ஃபைல் கிடைக்கும். ஆப்டேட்டா மறைக்கப்பட்ட ஃபோல்டர் என்பதால், ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' மெனுவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் செய்திருக்க வேண்டும். பாப் முறையில் (சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் முறை) மெயில் எடுத்தவர்களுக்கு இருப்பது பிஎஸ்டி. அது டாக்குமென்ட்ஸில் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' ஃபோல்டரில் இருக்கும். அதை எந்தப் பழைய வகை அவுட்லுக்கிலும் 'ஓப்பன் அவுட்லுக் டேட்டா ஃபைல்' வழியாக நேராகத் திறக்கலாம் என்பதால் அவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

பென் டிரைவில் நகலெடுக்கும்போது ஃபைல் மிகப் பெரியது என்று விண்டோஸ் மறுத்தால், அந்த டிரைவ் ஃபேட்32 வடிவில் இருக்கக்கூடும். அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஓஎஸ்டியோ 10, 20 ஜிபி இருப்பது சாதாரணம். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவில் ஃபார்மேட் செய்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் பயன்படுத்துங்கள்.

எக்ஸ்போர்ட்டில் நடக்கும் சறுக்கல்கள்

நகல் பத்திரமானதும், பழைய புரொஃபைலிலேயே அவுட்லுக்கை ஆஃப்லைனில் திறந்து, 'ஃபைல்', 'ஓப்பன் & எக்ஸ்போர்ட்', 'இம்போர்ட் / எக்ஸ்போர்ட்' என்று போய் 'எக்ஸ்போர்ட் டு எ ஃபைல்' தேர்ந்தெடுங்கள். வகையில் 'அவுட்லுக் டேட்டா ஃபைல்' என்று கொடுங்கள். அடுத்த திரையில்தான் பலர் தவறுகிறார்கள்: இன்பாக்ஸ் மட்டும் தேர்வாகி நிற்கும். மேலே மெயில் முகவரி உள்ள வரியைத் தேர்ந்தெடுத்து, 'இன்க்ளூட் சப்ஃபோல்டர்ஸ்' டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அனுப்பிய மெயில்களும் தனி ஃபோல்டர்களும் வராது.

சேமிக்கும் இடத்தை அவுட்லுக் காட்டியபடியே விட்டுவிடாதீர்கள். நிறுவனக் கம்ப்யூட்டர்களில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரே அலுவலக ஒன்டிரைவுக்குள் இருப்பது வழக்கம். முடங்கிய அக்கவுண்ட்டின் ஒன்டிரைவில் பிஎஸ்டியைப் போட்டு என்ன பயன்? சி டிரைவில் தனி ஃபோல்டர் ஒன்றைத் திறந்து அங்கே சேமியுங்கள். நெட்வொர்க் டிரைவும் வேண்டாம். அங்கே வைத்துப் பயன்படுத்தும் பிஎஸ்டி எளிதில் கெட்டுப்போகும். பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியைக் காலியாக விட்டு 'ஓகே' கொடுக்கலாம். புதிய வகை பிஎஸ்டிக்கு இயல்பான வரம்பு 50 ஜிபி. அதைவிடப் பெரிய மெயில் பாக்ஸை வருட வாரியாகப் பிரித்து எடுங்கள்.

எக்ஸ்போர்ட் செய்யாமல் ஃபோல்டர்களை மவுஸால் இழுத்துப் புதிய பிஎஸ்டியில் போடுபவர்களும் உண்டு. இழுத்தால் நகலாகாது, இடம் மாறிவிடும். நடுவில் கரண்ட் போனால் இரண்டு பக்கமும் அரைகுறை. ரைட் கிளிக்கில் 'காப்பி ஃபோல்டர்' இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். எக்ஸ்போர்ட் வசதியே மங்கலாக இருந்தால் நிறுவனக் கொள்கை அதைத் தடுத்திருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) கை வைக்காமல் ஐடி பிரிவிடம் பேசுங்கள்.

எல்லா மெயிலும் கம்ப்யூட்டரில் இருக்கும் என்று நம்புவது

ஓஎஸ்டியில் இருப்பது முழு மெயில் பாக்ஸ் அல்ல. எத்தனை காலத்து மெயிலை இறக்கி வைப்பது என்ற அமைப்பு பொதுவாக 1 வருடத்தில் நிற்கும். இன்பாக்ஸின் கடைசி வரிக்குப் போனால், சர்வரில் இன்னும் இருக்கிறது, பார்க்க இங்கே கிளிக் செய்யுங்கள் என்று ஒரு நீல வரி தெரிந்தால், அதற்கு முந்தையவை உங்களிடம் இல்லை. 'ஆன்லைன் ஆர்கைவ்' ஃபோல்டரில் இருந்தவையும் கம்ப்யூட்டருக்கு வந்ததே இல்லை. புதிய அவுட்லுக் செயலியை மட்டும் பயன்படுத்தியவர்களிடம் ஓஎஸ்டியே இருக்காது. முன்பு பழைய அவுட்லுக் வைத்திருந்தால் அந்தக் காலத்து ஃபைல் மிஞ்சியிருக்கலாம். அதன் தேதியைப் பாருங்கள். அலுவலக ஜிமெயிலை பிரவுசரில் மட்டும் படித்தவர்களுக்கும் மீட்க ஃபைல் ஏதும் இல்லை.

இவர்களுக்கெல்லாம் இருக்கும் ஒரே வழி அட்மின். அதற்குக் கெடு உண்டு: மைக்ரோசாஃப்ட் 365-இல் நீக்கிய பயனரை 30 நாளுக்குள் மீட்கலாம், கூகுள் ஒர்க்ஸ்பேஸில் 20 நாள்தான். சிறு நிறுவனம் நடத்துபவர் என்றால், மைக்ரோசாஃப்ட் 365-இல் விலகிய ஊழியரின் அக்கவுண்ட்டை நீக்குவதற்கு முன்பே அந்த மெயில் பாக்ஸை ஷேர்டு மெயில் பாக்ஸாக (பலர் சேர்ந்து பார்க்கும் பொது மெயில் பாக்ஸ்) மாற்றிவிடுங்கள்; 50 ஜிபி வரை அதற்கு லைசென்ஸ் தேவையில்லை.

தண்டர்பேர்டில் 'காம்பாக்ட்' செய்வது

அவுட்லுக்குக்குப் பதிலாகச் சிலர் பயன்படுத்தும் இலவச மெயில் மென்பொருளான தண்டர்பேர்டில் பெரும்பாலும் ஒவ்வொரு ஃபோல்டரும் எம்பாக்ஸ் என்ற ஒரு எழுத்துக் கோப்பு. பக்கத்தில் எம்எஸ்எஃப் என்று முடியும் ஃபைல் வெறும் அட்டவணை. அதை மட்டும் நகலெடுத்தால் ஒன்றும் கிடைக்காது. நீட்டிப்பு இல்லாத ஃபைலைத்தான் எடுக்க வேண்டும். அதை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' இடத்தில் போட்டு தண்டர்பேர்டைத் திறந்தால் மெயில்கள் தெரியும். அழித்த மெயில்கூடக் காம்பாக்ட் செய்யும் வரை (அதாவது அழித்தவற்றை அடியோடு நீக்கி ஃபைலைச் சுருக்கும் வரை) அந்த ஃபைலிலேயே கிடக்கும். அதன் தலைப்பில் மொஸில்லா ஸ்டேட்டஸ் வரியில் 0008 அல்லது 0009 என்று இருக்கும். ஃபைலின் நகலில் அதை 0000 ஆக்கி, எம்எஸ்எஃப் ஃபைலை நீக்கிவிட்டுத் திறந்தால் மெயில் திரும்ப வரும்.

கன்வெர்ட்டர் மென்பொருள்கள்

ஓஎஸ்டியை பிஎஸ்டியாக மாற்றித் தரும் மென்பொருள்கள் இவை. புரொஃபைல் போய்விட்டு ஓஎஸ்டி மட்டும் மிஞ்சியவர்களுக்குத்தான் தேவை. ஓஎஸ்டியை இணையதளத்தில் ஏற்றச் சொல்லும் எதையும் தொடாதீர்கள். ஒரு நிறுவனத்தின் கடிதப் போக்குவரத்தை முகம் தெரியாதவரிடம் கொடுப்பதாகும். இலவச டெமோவில் முதலில் ஃபோல்டர் பட்டியலும் ஓரிரு மெயில்களின் இணைப்புகளும் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே காசு கொடுங்கள். லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு லிப்பிஎஃப்எஃப் என்ற ஓப்பன் சோர்ஸ் கருவி ஓஎஸ்டியைப் படிக்கும்.

முடித்ததும் பிஎஸ்டியை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, ஒவ்வொரு ஃபோல்டரின் எண்ணிக்கையையும் பழையதோடு ஒப்பிடுங்கள். பழைய மெயில் சிலவற்றின் இணைப்புகளைத் திறந்து பாருங்கள்; தலைப்பு மட்டும் இறங்கிய மெயில்கள் அப்போதுதான் தெரியவரும். பிஎஸ்டி பிழை காட்டினால், ஆபீஸோடு வரும், பிஎஸ்டியைப் பழுதுபார்க்கும் ஸ்கேன்பிஎஸ்டி கருவியை அதன் நகலில் மட்டும் ஓட்டுங்கள், பிழை இல்லை என்று சொல்லும் வரை இரண்டு மூன்று முறை.