பூஸ்ட் ஏறினால் கலகலவென்ற சத்தம்

1980களின் தொடக்கத்தில் வந்த டர்போ பைக் ஒன்று என்னிடம் இருக்கிறது. நிதானமாக ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது, ஆனால் டாப் கியரில் த்ராட்டிலை முறுக்கி பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) ஏறியதும் டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது மாதிரி சத்தம். கலவை தானாக வெடிப்பதைத் தாங்கும், ஆக்டேன் கூடிய பெட்ரோல் போட்டேன், குறைந்ததே தவிரப் போகவில்லை. சரி என்று ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போலப் புள்ளிகள், நடுவே அலுமினியப் பொடி மின்னுகிறது. அது பிஸ்டனிலிருந்து வந்தது. வயிற்றைக் கலக்கிவிட்டது.

பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டை மாட்டிப் பார்த்தேன். ஐட்லிங்கிலேயே எஃப் குறி (ஐட்லிங்கில் பொறி விழவேண்டிய இடம்) வருவதற்கு முன் பொறி விழுந்தது. முன்பு வைத்திருந்தவர் பொறிக்கு சிக்னல் தரும் பிக்அப் பிளேட்டின் துளைகளை அரத்தால் ராவி, அட்வான்ஸ் பக்கம், அதாவது பொறி முந்தி விழும்படி, தள்ளியிருக்கிறார். டர்போ காற்றை அழுத்தித் திணிப்பதால் கலவை வேகமாக எரியும், இங்கே பொறி தாமதமாகத்தான் வேண்டும்.

ஸ்க்ரூவைத் தளர்த்தி, பொறி தாமதமாகும்படி ரோட்டர் சுழலும் திசையிலேயே பிளேட்டை மயிரிழை நகர்த்தினேன் (முதல் தடவை எதிர்த்திசையில் தள்ளி இன்னும் கெடுத்தேன், அது வேறு கதை). இறுக்கும்போது பிளேட் மறுபடி நகரும், அதனால் இறுக்கியபின் 4000 ஆர்பிஎம் வரை ஏற்றி பொறி அதிகபட்சம் முந்தவேண்டிய இடத்தைக் காட்டும் முழு அட்வான்ஸ் கோடுகளையும் பார்த்தேன். பொறியை ரொம்பப் பின்னுக்குத் தள்ளினால் எக்ஸாஸ்ட் சூடேறி டர்போவையே வதைக்கும் என்பதால் குறியோடு நிறுத்திக்கொண்டேன். இப்போது முழு பூஸ்டிலும் சத்தம் இல்லை.