கடித்தது கொசுவா, மணல் பூச்சியா?

சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் கடற்கரையில் ஷாலே (விடுமுறை விடுதி) எடுத்துத் தங்கிவிட்டு வந்து, "கொசு பிடுங்கி எடுத்துவிட்டது" என்று காலைத் தூக்கிக் காட்டும் உறவினர்களிடம் நான் முதலில் கேட்பது, கடித்ததைக் கண்ணால் பார்த்தீர்களா என்பதுதான். பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். முழங்காலுக்குக் கீழே கும்பல் கும்பலாகச் சிவப்புப் புள்ளிகள், மறுநாள் இன்னும் மோசமான அரிப்பு, ஒரு வாரமானாலும் அடங்காது. இது மணல் பூச்சியின் வேலை. நம் ஊரில் எல்லாரும் 'சேண்ட்ஃபிளை' என்பார்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். சாதாரணக் கொசுவலையின் கண்ணிக்குள்ளேயே புகுந்துவிடும்.

இரண்டும் கடிக்கும், ஆனால் தடுக்கும் வழி கொஞ்சம் வேறு. எங்கள் குடும்பத்தில் ஜூன் விடுமுறைக்கு இடம் பதிவு செய்வதிலிருந்து கரி வாங்குவது வரை என் பொறுப்பு என்பதால், இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

மணல் பூச்சி ஈர மணலிலும் சேற்றிலும் பெருகும். பாசிர் ரிஸ் பூங்காவின் அலையாத்திக் காட்டுப் பக்கம், கோனி தீவு, புலாவ் உபினில் செக் ஜாவா, இங்கெல்லாம் அது இருக்கும் என்று எண்ணியே கிளம்புங்கள். விடியற்காலையும் அந்தி நேரமும் அதற்குச் சாப்பாட்டு நேரம். ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு: காற்றடித்தால் பறக்க முடியாது. அதனால் நான் இடம் பிடிக்கும்போது நிழலைவிடக் காற்றைத்தான் பார்ப்பேன். மரத்தடியில் புழுக்கமாக இருக்கும் பார்பிகியூ மேடையை விட்டுவிட்டு, கடல் காற்று நேராக வரும் மேடையாகத் தேடுங்கள். பேட்டரியில் ஓடும் சின்ன மின்விசிறி ஒன்றை மேசை மேலே வைக்காமல், மேசைக்குக் கீழே கால்களைப் பார்க்க வையுங்கள். கொசுவும் காற்றுக்கு எதிரே பறக்கத் திணறும், ஆகவே இரண்டுக்கும் ஒரே விசிறி போதும். மணலில் பாய் விரித்து உட்காராதீர்கள். மடக்கு நாற்காலி எடுத்துப் போங்கள்.

உடைக்குத் தளர்வான, வெளிர்நிற முழுக்கால் சட்டை. தோலோடு ஒட்டும் லெக்கிங்ஸ் போட்டால் கொசு துணிக்கு மேலேயே குத்திவிடும்.

இனி பூச்சி விரட்டும் மருந்து. கார்டியன், வாட்சன்ஸ், முஸ்தஃபா எங்கே வாங்கினாலும் பாட்டிலைத் திருப்பி, டீட் அல்லது பிகாரிடின் என்ற பெயர் இருக்கிறதா, எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். 20 விழுக்காடு இருந்தால் சாயங்காலம் முழுக்கச் சமாளிக்கலாம். டீட் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். கண்ணாடிச் சட்டம், கைக்கடிகாரம், நகப்பூச்சு எல்லாவற்றையும் பதம் பார்த்துவிடும். அதனால் எனக்குப் பிகாரிடின்தான் பிடிக்கும், வாடையும் குறைவு. சன்ஸ்கிரீன் பூசுவதாக இருந்தால் முதலில் அது, நன்றாகக் காய்ந்த பிறகு மேலே இது. கடலில் இறங்கி வந்தால் மறுபடியும் பூச வேண்டும். முகத்தில் நேராக அடிக்காமல் கையில் எடுத்துத் தடவுங்கள். பிள்ளைகளுக்குப் பெரியவர்கள்தான் பூசிவிட வேண்டும், அவர்கள் உள்ளங்கையில் வேண்டாம், வாயில் வைத்துவிடுவார்கள். 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு எதுவும் பூசக்கூடாது. தள்ளுவண்டிக்கு நெருக்கமான வலை போடுங்கள்.

என் அண்ணி பிள்ளைகள் சட்டையில் ஒட்டும் எலுமிச்சைப் புல் ஸ்டிக்கர்களை நம்பி நான் எதையும் விட மாட்டேன். பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். மாமியார் காலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுவதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மணல் பூச்சி பிசுபிசுப்பில் சிக்கிக்கொள்ளும். ஆனால் டெங்கிக் கொசுவுக்கு எண்ணெய் போதாது. கொசுவர்த்திச் சுருளைக் கூடாரத்துக்குள் கொளுத்தவே கொளுத்தாதீர்கள்.

டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கடற்கரை மணலில் பிறப்பதில்லை. தேங்கிய நல்ல தண்ணீரில் பிறக்கும், 20 காசு நாணயம் அளவு தண்ணீரே அதற்குப் போதும். ஷாலே வாசலில் கிடக்கும் வாளி, பூச்சாடித் தட்டு, முந்தைய கூட்டம் விட்டுப்போன காகிதக் கோப்பை, போனதும் இவற்றைக் கவிழ்த்துவிடுங்கள். அது பகலில் கடிக்கும், காலையில் வெயில் ஏறும் வேளையிலும் பொழுது சாய்வதற்கு முன்னும் அதிகம். இங்கே டெங்கி வழக்கமாகக் கூடுவது மே முதல் அக்டோபர் வரை, ஜூன் விடுமுறை நடுவில் மாட்டிக்கொள்கிறது. கிளம்புமுன் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் டெங்கி வரைபடத்தைப் பாருங்கள்: 10-க்குக் குறைந்த சம்பவங்கள் உள்ள இடம் மஞ்சள், 10 அல்லது அதற்கு மேல் என்றால் சிவப்பு.

கடித்த பிறகு, சோப்பு போட்டுக் கழுவி ஐஸ் ஒத்தடம். கேலமைன் லோஷன் போதவில்லை என்றால் மருந்தாளரிடம் 1 விழுக்காடு ஹைட்ரோகார்ட்டிசோன் கேளுங்கள்; இரவில் அரிப்பில் தூக்கம் வராவிட்டால் செட்டிரிசின் மாத்திரை. கோடாலித் தைலமும் டைகர் பாமும் பெரியவர்களுக்குச் சரி, சொறிந்து புண்ணான இடத்தில் மட்டும் வேண்டாம். கற்பூரம் சேர்ந்த தைலங்களைச் சின்னக் குழந்தைகளிடம் கொண்டுபோகவே கூடாது. பிள்ளைகளின் நகத்தை முதல்நாளே வெட்டிவிடுங்கள். கடித்த இடம் சூடாகிச் சிவப்பு பரவினாலோ சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் போங்கள். உதடு வீங்கி மூச்சுத் திணறினால் யோசிக்க வேண்டாம், ஆம்புலன்ஸுக்கு 995.

வீடு திரும்பிய இரண்டு வாரத்துக்குள் திடீர்க் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் வந்தால் பலதுறை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். பனடால் (பாராசிட்டமால்) சாப்பிடலாம், ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் கூடாது, ரத்தக்கசிவு கூடும். காய்ச்சல் இறங்கும் நாளில்தான் அதிகக் கவனம் வேண்டும்: கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே மருத்துவமனை.

பெட்டி கட்டும் அவசரத்தில் உங்கள் வீட்டையும் மறக்காதீர்கள். முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 நாள் போதும், ஒரு வாரப் பயணத்துக்குச் சரியாக இருக்கும். பூச்சாடித் தண்ணீரைக் கொட்டி, வாளிகளைக் கவிழ்த்து, குளியலறை வடிகாலை மூடி, கழிப்பறை மூடியையும் இறக்கிவிட்டுக் கிளம்புங்கள்.